பங்குனியில் மலையேறும் வசந்தம்

தில்லியில் குடியிருக்கும் நமக்கு வசந்தம் என்பது பத்து நாள் விருந்தாளி. மாசி மாதத்தில் கம்பளி ஆடைகள் பெட்டிக்குள் போகும். சாலையோரத்து முள்ளிலவ மரங்கள் ஓரிலையும் இன்றிச் செந்நிறக் கிண்ணங்களை ஏந்தி நிற்கும். 'அப்பாடா, குளிர் நீங்கிற்று' என்று நாம் சொல்லி வாய் மூடுவதற்குள் மின்விசிறி சுழலத் தொடங்கும். சென்னையிலும் மதுரையிலும் பிறந்து வளர்ந்தோர்க்கு அந்தப் பத்து நாளும்கூடப் புதியவையே. இளவேனில் என்னும் சொல்லை நாம் பள்ளியில் படித்தோம். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று மனப்பாடம் செய்தோம். அவ்விரு மாதங்களிலும் நம் ஊரில் வெயில் கொளுத்துவதைக் கண்டு, இலக்கணம் வகுத்த பெரியோர் எந்தக் குளிர்ச்சோலையில் அமர்ந்து அதனை எழுதினரோ என்று நான் சிறுவயதில் ஐயுற்றதும் உண்டு.

அந்த ஐயத்துக்கு ஒருவாறு விடை கிடைத்தது அறுபது வயது கடந்த பின்னர், குமாவுன் மலையில். அங்கே செல்ல நேர்ந்ததற்குக் காரணம் எங்கள் பெயர்த்தி. ஒன்பது வயதுச் சிறுமி. வசந்த காலத்தைப் பற்றிப் பள்ளிக்கு ஒரு கட்டுரை எழுதி, அதனை எங்களிடம் பெருமையோடு படித்துக் காட்டினாள். எழுத்து அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் மலர்ந்த பூக்கள் யாவும் இங்கிலாந்தில் மலர்பவை. பாடிய பறவைகளும் அந்நாட்டுப் பறவைகளே. "இவற்றில் எதையாவது நீ பார்த்திருக்கிறாயா, கண்ணு?" என்று என் மனைவி கேட்டாள். "இல்லை பாட்டி, புத்தகத்தில் இப்படித்தான் போட்டிருக்கிறது" என்றாள் குழந்தை. அவள்மீது குற்றமில்லை. தென்னாட்டு வேனிலையும் அவள் அறியாள், வடநாட்டு வசந்தத்தையும் அறியாள். இரண்டு ஊருக்கும் நடுவே வளரும் பிள்ளைகளின் நிலை அது.

2025-ஆம் ஆண்டு மார்ச் மாதத்து நடுவில் மூவரும் புறப்பட்டோம். பழைய தில்லி நிலையத்தில் இரவு வண்டி ஏறினால் விடியற்காலையில் காத்கோதாம். 1884-ஆம் ஆண்டில் அங்கே வந்துசேர்ந்த இருப்புப்பாதை இன்றுவரை அந்த இடத்தைத் தாண்டவில்லை, அதற்கப்பால் மலை. காத்கோதாம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாங்கள் செல்லவேண்டிய பின்சர் காட்டின் உச்சி 2,400 மீட்டருக்குச் சற்று மேல். இடைப்பட்ட மலைப்பாதையை மோட்டார் வண்டி ஒரு பகற்பொழுதில் கடந்துவிடுகிறது.

அந்த ஒரு பகலில் நாங்கள் கண்டது விந்தையானது. காத்கோதாமில் இலவமலர்கள் உதிர்ந்து தரையில் கிடந்தன, மாமரங்கள் பூத்திருந்தன, வண்டிக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். போவாலியை நெருங்கியபோது செம்மந்தாரை அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்தது. அல்மோடாவுக்கு அண்மையில் படிக்கட்டு வயல்களின் ஓரத்தில் பீச் மரங்கள் இளஞ்சிவப்பிலும், காட்டுப் பேரி மரங்கள் வெள்ளையிலும் பூத்து நின்றன. இலைகள் இன்னும் மொட்டுக்குள் இருந்தன. பின்சரை அடைந்தபோது நாங்கள் மூவரும் போர்வைக்குள் இருந்தோம். நிழல் விழுந்த பாறை இடுக்கில் உறைபனியின் வெண்மை தெரிந்தது. பெயர்த்தி அழகாகச் சொன்னாள்: "தாத்தா, நாம் காலையில் மார்ச் மாதத்தில் கிளம்பி, சாயங்காலம் ஜனவரிக்கு வந்துவிட்டோம்!"

அவள் சொன்னது வெறும் விளையாட்டுப் பேச்சன்று. ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1918-ஆம் ஆண்டில் தம் நாட்டுக்கென ஒரு கணக்கு வகுத்தார். ஒவ்வொரு 400 அடி உயரத்துக்கும் வசந்தம் 4 நாள் பிந்தி வருகிறது என்பது அது. காத்கோதாமிலிருந்து பின்சர் உச்சி ஏறக்குறைய 6,000 அடி மேலே. எனவே 60 நாள்! அமெரிக்கக் கணக்கு நம் இமயத்துக்கு அப்படியே பொருந்தாது. ஒரே உயரத்திலும் வெயில் விழும் தென்சரிவில் முந்திப் பூக்கும், வடசரிவில் பிந்திப் பூக்கும். ஆயினும் அடிப்படை எளிது. மேலே ஏற ஏறக் காற்று குளிர்கிறது. ஆகவே வசந்தம் மலையடியில் பிறந்து, நடக்கப் பழகும் குழந்தையைப் போலச் சிறிது சிறிதாக மேலே ஏறுகிறது. சமவெளியில் அதற்கு நிற்க இடமில்லை. ஒரே மூச்சில் வந்து போய்விடுகிறது. மலையில் அது எங்கேயாவது இருந்துகொண்டே இருக்கிறது. பிந்தி வந்தவர் இன்னும் சிறிது மேலே ஏறினால் போதும். இளவேனிலும் பின்பனியும் ஒரே சரிவில், ஒன்று கீழும் ஒன்று மேலுமாக அமர்ந்திருப்பதை அன்றுதான் கண்ணாரக் கண்டேன்.

பின்சர் 1988-ஆம் ஆண்டு முதல் காப்புக்காடு. பரப்பு ஐம்பது சதுர கிலோமீட்டருக்கும் குறைவுதான். அதனுள்ளேயே சில சிற்றூர்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில், விருந்தினருக்கு அறை கொடுக்கும் ஒரு வீட்டில் தங்கினோம். வீட்டுத் தலைவி எழுபது வயது கடந்த மூதாட்டி. குமாவுனி மொழியில் பாட்டிக்கு 'ஆமா' என்று பெயர். எங்கள் பெயர்த்தி "ஆமா, ஆமா" என்று அவரை அழைக்க, என் மனைவி அடுத்த அறையிலிருந்து, "யாருக்கடி ஆமாம் போடுகிறாய்?" என்று வினவ, ஒரே சிரிப்பாயிற்று.

நாங்கள் சென்ற நாளின் மாலை காரடையான் நோன்பு. மாசியும் பங்குனியும் கூடும் வேளை. தில்லியிலிருந்தே அரிசிமாவும் காராமணியும் வெல்லமும் கொண்டுவந்திருந்தாள் என் மனைவி. ஆமாவின் விறகடுப்பில் அடை வெந்தது. அவர் வீட்டுப் பசுவின் வெண்ணெய் இலையில் வந்தது. மஞ்சள் சரடு கட்டுவதைக் கூர்ந்து பார்த்த ஆமா, "நாளைக்கு எங்களுக்கும் பண்டிகை" என்றார்.

அது என்ன பண்டிகை என்று மறுநாள் விடிந்ததும் தெரிந்தது. சிறிய மூங்கிற் கூடைகளுடன் நான்கு குழந்தைகள் வாசலில் வந்து நின்றனர். கூடைகளில் பீச் மலர், பியோலி என்னும் மஞ்சள் மலர், புராஞ்சு என்னும் செம்மலர். அவற்றை வாசற்படியில் தூவி, இவ்வீடு நிறைந்திருக்கட்டும் என்று வாழ்த்தும் பாட்டொன்றைப் பாடினர். ஆமா ஒவ்வொரு கூடையிலும் அரிசியும் வெல்லமும் இட்டார். 'பூல் தேயி' என்று இதற்குப் பெயர். அவர்களுடைய சைத்திர மாதத்தின் முதல் நாள். நம் பங்குனியின் முதல் நாளும் அதுவே! குமாவுன் மக்கள் பல பண்டிகைகளுக்குச் சூரியன் இராசி மாறும் நாளையே கொள்கின்றனர்; நாமும் மாதப் பிறப்பை அப்படியே கணக்கிடுகிறோம். ஆடிப் பிறப்பன்று அவர்கள் 'ஹரேலா' கொண்டாடித் தானியம் முளைக்கவைத்த தளிரைத் தலையில் சூடுகின்றனர். நம் முளைப்பாரி நினைவுக்கு வரவில்லையா? தைப் பிறப்பன்று அவர்கள் வீட்டுக் குழந்தைகள் பலகாரத்தை மாலையாகக் கோத்து அணிந்து காக்கையைக் கூவி அழைக்கின்றனர்; மறுநாள் நம் வீட்டுப் பெண்கள் கணுப்பிடி வைத்துக் காக்கையை அழைக்கின்றனர். மொழியால் இத்தனை தொலைவில் இருப்போர் நாட்கணக்கால் இவ்வளவு நெருங்கியிருப்பதை, நாற்பது ஆண்டு தில்லியில் வாழ்ந்தும் நான் அறியாதிருந்தேன்.

எங்கள் பெயர்த்திக்கும் ஒரு கூடை கிடைத்தது. பிள்ளைகளோடு அவளும் வீடு வீடாகச் சென்றாள். நான் பின்னால் நடந்தேன். அந்தச் சிற்றூரில் பன்னிரண்டு வீடுகள். ஐந்தில் பூட்டுத் தொங்கியது. ஒன்றின் கூரைப் பலகைக் கற்கள் சரிந்திருந்தன. முற்றத்தில் ஆளுயரம் புல். குழந்தைகள் அந்த வாசல்களையும் விடவில்லை. பூட்டிய கதவின் படியில் பூத் தூவி, அதே பாட்டை முழுவதும் பாடிவிட்டே அப்பால் சென்றனர். "யாருமில்லாத வீட்டுக்கு எதற்குப் பூ?" என்று அவர்களில் மூத்த பையனைக் கேட்டேன். என்னை வியப்போடு பார்த்து, "வாசல் இருக்கிறதே" என்றான்.

2001-ஆம் ஆண்டுக்கும் 2011-ஆம் ஆண்டுக்கும் இடையில் அல்மோடா மாவட்டத்தின் மக்கள்தொகை குறைந்துவிட்டது. உத்தராகண்ட மாநிலத்தில் ஆளில்லாத ஊர்கள் ஆயிரத்துக்கு மேல் என்று 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டியது. சென்றவர்கள் எங்கே? ஹல்துவானியில் சிலர், நம் தில்லியில் பலர். எங்கள் குடியிருப்பின் வாயிற்காவலர் அல்மோடாப் பக்கத்தவர் என்பது எனக்குத் தெரியும். எந்த ஊர், வீட்டில் யார் இருக்கின்றனர், அங்கே என்ன பூக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. 'உங்கள் ஊர் எது?' என்று யாரேனும் நம்மைக் கேட்கமாட்டார்களா என ஏங்கும் நாமே, அந்தக் கேள்வியைப் பிறரிடம் கேட்க மறந்துவிடுகிறோம்.

இனி, புராஞ்சு மரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அதைக் காணவே பலர் அக்காலத்தில் அம்மலைக்குச் செல்கின்றனர். பாஞ்சு என்னும் ஓக் மரங்களினூடே அது வளர்கிறது. முண்டும் முடிச்சுமான தண்டு. தோல்போன்ற இலை, அடிப்புறம் வெள்ளி பூசியது போன்றது. கிளையின் நுனிதோறும் பதினைந்து இருபது மணிப்பூக்கள் நெருங்கி ஒரு பந்தாகின்றன. தாழ்ந்த உயரத்தில் குருதிச் சிவப்பு. மேலே செல்லச் செல்ல இளஞ்சிவப்பும், மிக உயரத்தில் வெள்ளையும் காணலாம். உத்தராகண்ட மாநிலத்தின் மரம் அது. நேபாள நாட்டின் தேசிய மலரும் அதுவே. மலைமக்கள் இதழைப் பிழிந்து சருபத்துச் செய்கின்றனர், துவையலும் அரைக்கின்றனர். துவையலை என் மனைவி புளியந்துவையலுக்கு ஒருபடி கீழே வைத்தாள். சருபத்தைப் பற்றி மட்டும் குறை சொல்லவில்லை.

மரத்தைக் கண்டதும் படம் பிடித்துக்கொண்டு அடுத்த மரத்துக்கு ஓடுவோரையே அங்கே மிகுதியாகக் கண்டோம். அவர்களுக்குக் காடு ஒன்றும் தருவதில்லை. ஆமா சொன்னபடி, பூத்த மரமொன்றின் எதிரே, சரிவில் ஒரு பாறைமீது விடியற்காலையில் போர்வை போர்த்தி அமர்ந்தோம். முதல் பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பெயர்த்தி நெளிந்தாள். இருபதாவது நிமிடத்தில், நாங்கள் அங்கே இருப்பதைக் காடு மறந்துவிட்டது. செம்பழுப்பு உடலும் கருந்தலையும் நீண்ட வாலும் உடைய பறவை ஒன்று குழலூதுவது போன்ற சீழ்க்கையுடன் வந்து, பூப்பந்தினுள் தலையை நுழைத்தது. வெளியே எடுத்தபோது நெற்றியில் மகரந்தப் பொடி. ஆங்கிலத்தில் அதனைச் சிபியா என்பர். அடுத்து, கொண்டை வைத்த சின்னஞ்சிறு குருவிகள் கூட்டமாக வந்து, தலைகீழாகத் தொங்கித் தேன் பருகின. தேன்சிட்டு ஒன்று பச்சை வால் மின்ன ஓரிமைப்பொழுது தோன்றி மறைந்தது. தொலைவில் பெரிய குக்குறுவான் 'பியாவ், பியாவ்' என்று அழுவதுபோல் ஓயாமல் கூவிக்கொண்டிருந்தது. வெயில் ஏறியதும் சாம்பல்நிற மந்திகள் ஒரு கூட்டமாக வந்தன. அவற்றுக்குப் பூவின் அழகெல்லாம் பொருட்டன்று. கிளையை வளைத்து, பந்து பந்தாகப் பறித்து வாயில் திணித்துக்கொண்டன. "சாப்பிடவா பூ பூத்தது?" என்று பெயர்த்தி சினந்தாள். முந்தைய நாள் சருபத்து அருந்தியதை நினைவூட்டினேன், பேசவில்லை.

திடீரென்று மந்திகளில் ஒன்று இருமுவதுபோலக் கரகரத்தது. எல்லாம் அசைவற்றுப் போயின. பள்ளத்தில் ஒரு கேளையாடு நாய் குரைப்பது போலக் குரைத்தது. காட்டின் மொழியை இத்தகைய எச்சரிக்கைக் குரல்களால் படிக்கலாம் என்பதைக் குமாவுனிலேயே பிறந்து வளர்ந்த ஜிம் கார்பெட் தம் நூல்களில் விரிவாக எழுதியிருக்கிறார். சிறுத்தை எங்கேயோ நடக்கிறது என்பது பொருள். நாங்கள் அதனைக் காணவில்லை. காணாததே நல்லது என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். குழந்தைகளுடன் செல்வோர் ஒன்று நினைவில் வைக்கவேண்டும்: அந்தி மயங்கிய பின் பிள்ளைகளைத் தனியே முற்றத்துக்கும் அனுப்பக் கூடாது. ஊரார் அனுப்புவதில்லை. இன்னொன்று, பாதையோரச் செடிகளைக் கை போன போக்கில் தொடக்கூடாது. நம் ஊர்க் காஞ்சொறிக்கு அண்ணன்போல ஒரு செடி அங்கே உண்டு. அதன் இளந்தளிரைக் கீரையாகச் சமைத்து உண்கின்றனர். பச்சையாக அதனைப் பற்றிய என் இடக்கை மாலைவரை எரிந்தது. ஆமா ஏதோ ஓர் இலையைக் கசக்கித் தேய்த்தார். எரிச்சல் தணிந்ததா, அவர் பரிவால் மறந்ததா, அறியேன்.

பனிமுகடுகளைக் காணச் செல்வோர்க்கும் ஒரு சொல். பின்சர் உச்சியிலிருந்து திரிசூலும் நந்தாதேவியும் வரிசையாகத் தெரியும் என்பது உண்மை. நந்தாதேவி 7,816 மீட்டர். ஆனால் வசந்தத்தில் புழுதியும் புகையும் மூட்டமிட, பெரும்பாலும் விடியலில் ஒருமணி நேரமே அவை காட்சி தருகின்றன. தெளிந்த முகடுகளுக்கு ஐப்பசி, கார்த்திகையே ஏற்ற காலம். பங்குனியில் செல்வோர் தலையை நிமிர்த்துவதைவிட அருகே பார்ப்பது நன்று.

அருகே பார்த்ததில்தான் எனக்கு ஓர் இன்ப அதிர்ச்சி காத்திருந்தது. அந்தப் புராஞ்சு மரத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று இரண்டு நாளாக மனம் அரித்தது. பிறகு தெளிந்தது: நீலகிரியில்! உதகைக்கு அப்பால், சோலைக்காட்டின் ஓரத்துப் புல்வெளியில், இளம்வயதில் கண்ட அதே முண்டுத் தண்டு, அதே செம்பந்து. காட்டுப்பூவரசு என்று அங்கே சொன்னார்கள். வீடு திரும்பிய பின் நூல்களைப் புரட்டினேன். நீலகிரி மரம் இமயத்துப் புராஞ்சின் கிளையினமே என்று தாவரநூலார் கொள்கின்றனர். இலங்கையின் உயர்ந்த மலைகளிலும் அதன் இன்னொரு கிளையினம் உண்டு. இடையே ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் வெப்பச் சமவெளியில் ஒரு மரமும் இல்லை. அவ்வளவு தொலைவை அது எவ்வாறு கடந்தது? பனியூழிக் காலங்களில் இந்த நிலம் முழுவதும் இன்றைவிடக் குளிர்ந்திருந்தது. குளிர்நாட்டு மரங்கள் தாழ்ந்த குன்றுகளிலும் பரவின. பின்னர் வெப்பம் மீண்டபோது, வடக்கே இருந்தவை இமயத்திலும், தெற்கே இருந்தவை நம் மலைமுடிகளிலும் ஏறித் தங்கிவிட்டன என்று அறிஞர் விளக்குகின்றனர்.

உருவ ஒற்றுமையை மட்டும் நம்பி உறவு கொண்டாடவும் கூடாது. நம் மாநில விலங்கான வரையாட்டுக்கு இமயத்தில் ஒரு பங்காளி உண்டென்று நெடுங்காலம் கருதினர். இரண்டுக்கும் ஒரே குடும்பப் பெயரும் இட்டிருந்தனர். 2005-ஆம் ஆண்டில் மரபணுக்களை ஆராய்ந்தபோது, வரையாடு இமயத்து ஆட்டைவிடச் செம்மறி இனத்துக்கே நெருங்கியது எனத் தெரிந்தது. மரம் உண்மையான உறவு. ஆடு வெறும் முகச்சாயல்.

சித்திரை மாதக் கடைசியில், பள்ளியில் சில நாள் விடுமுறை கிடைத்தபோது, பெயர்த்தியின் பிடிவாதத்தால் மீண்டும் சென்றோம். புராஞ்சு முடிந்திருந்தது. பாஞ்சு மரங்கள் செந்தளிர் நீங்கிப் பச்சை ஏறி நின்றன. இலக்கணப் பெரியோரின் இளவேனில் அங்கே இருந்தது: வெயிலில் இளஞ்சூடு, நிழலில் குளிர். காட்டோரம் எங்கும் காபல் என்னும் சிறு செங்கனி பழுக்கத் தொடங்கியிருந்தது. ஓயாமல் நான்கு நான்கு அசையாக ஒரு குயில் கூவியது. 'காபல் பாக்கோ' என்று அது சொல்வதாக மலைமக்கள் கூறுவர். காபல் பழுத்தது என்பது பொருள். அதன் கதையை ஆமா சொன்னார். ஓர் ஏழைத் தாய் கூடை நிறையக் காபல் பறித்து வைத்துவிட்டு, ஒன்றும் தின்னாதே என்று மகளிடம் சொல்லி வயலுக்குச் சென்றாள். வெயிலில் கனிகள் வாடிச் சுருங்கின. திரும்பிய தாய் கூடை குறைந்திருப்பதைக் கண்டு, மகள் தின்றுவிட்டாள் என்று அறைந்தாள். பசியால் மெலிந்த குழந்தை இறந்தது. மாலையில் மழை பெய்தது. கனிகள் நனைந்து பருத்து, கூடை முன்போல் நிறைந்தது. தாயும் உயிர்விட்டாள். இருவரும் பறவைகளாயினர். 'காபல் பழுத்தது, நான் சுவைக்கவில்லை' என்று ஒன்றும், 'நிறைந்தே இருக்கிறது மகளே' என்று மற்றொன்றும் கூவுகின்றனவாம். எங்கள் பெயர்த்தி அன்று காபல் தின்னவில்லை. 'அக்கா, அக்கா' என்று கூவும் அக்காக்குயிலைப் பற்றி அவளுக்கு என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். குயிலின் குரலில் வீட்டுத் துயரைக் கேட்பது எல்லா ஊர்ப் பெண்களுக்கும் பொது போலும்.

அந்த முறை புதிய விருந்தாளிகளும் வந்திருந்தன. நீலத்தலையும் செம்பழுப்பு வயிறும் சிறகில் வெள்ளைத் திட்டும் உடைய பாறைக்குருவி ஒன்று பாஞ்சு மரத்து நுனியில் அமர்ந்து பாடியது. குளிர்காலத்தை அவ்வினம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கழிக்கிறது. குடும்பம் நடத்த இமயத்துக்கு வருகிறது. நம் ஊர்த் தோட்டங்களில் மார்கழியில் ஒலி எழுப்பும் ஆறுமணிக்குருவியும் கோடையில் இமயத்தின் அடிவாரக் காடுகள்வரை வந்து கூடு கட்டுவதுண்டு. அவை ஆண்டுதோறும் செய்யும் பயணத்தை நாம் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, முன்பதிவு கிடைத்தால் செய்கிறோம்.

ஆனால் அந்த முறை கண்ட எல்லாம் இன்பமானவை அல்ல. ஒரு சரிவில் மரங்கள் கருகி நின்றன. 2024-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் பின்சர் காட்டில் மூண்ட தீயை அணைக்கச் சென்ற வனத்துறைப் பணியாளர் நால்வர் எரிந்து மாண்ட செய்தி நாளிதழ்களில் வந்தது நினைவிருக்கலாம். சீர் என்னும் மலைத்தேவதாருவின் உதிர்ந்த ஊசியிலைகள் வேனிலில் வெடிமருந்துபோல் பற்றிக்கொள்கின்றன. பாஞ்சுக் காடு ஈரம் காப்பது. அது சுருங்கிச் சீர்க்காடு பெருகிய இடங்களில் தீ எளிதில் பரவுகிறது. ஆள் இருந்த காலத்தில் மாட்டுக்கொட்டிலுக்கு விரிக்க அந்த ஊசியிலையைக் கூட்டி அள்ளிச் சென்றனர். இன்று அள்ள ஆளில்லை. பூட்டிய அந்த ஐந்து வீடுகளுக்கும் கருகிய சரிவுக்கும் உள்ள தொடர்பை ஆமா இரண்டே வாக்கியத்தில் விளக்கிவிட்டார்.

அவர் சொன்ன இன்னொன்று: "நான் மணமாகி வந்த காலத்தில் பூல் தேயிக்குப் புராஞ்சு தேடித் தேடிப் பறிப்போம், அப்போதுதான் மலரும். இப்போது அந்த நாளில் பாதி தரையில் கிடக்கிறது." முதுமையில் எல்லோரும் பழங்காலத்தைப் பற்றி இப்படிச் சொல்வதுண்டே என்று நினைத்தேன். ஆனால் அல்மோடாவுக்கு அருகே கோசி-கடார்மலில் உள்ள, கோவிந்த வல்லப பந்த் பெயர் தாங்கிய ஆய்வு நிறுவனத்து அறிஞர்கள் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஆமாவின் கட்சியிலேயே இருக்கிறது. பூத்த கிளைகளைக் காகிதத்தில் ஒட்டி, பறித்த நாளைக் குறித்துப் பாதுகாக்கும் வழக்கம் தாவரநூலாரிடம் உண்டு. அத்தகைய பழைய தாள்களின் தேதிகளை அவர்கள் ஒப்பிட்டனர். ஏறக்குறைய நூறாண்டில் புராஞ்சின் பூக்கும் காலம் 88 முதல் 97 நாள் வரை முந்திவிட்டது என்பது அவர்கள் கண்ட முடிவு. எல்லா மரமும் எல்லாச் சரிவிலும் அப்படியே முந்திவிடவில்லை; நாங்களே மார்ச் மாதத்தில் மொட்டுகளையும் கண்டோம். எனினும், தை மாதத்திலேயே பூத்த மரங்களைப் பற்றி இப்போது நாளிதழ்களில் செய்தி வருகிறது. முந்திப் பூத்த பூவைப் பின்பனி கருக்கிவிடக்கூடும். பங்குனி முதல் நாள் கூடையுடன் வரும் பிள்ளைகளுக்கு எஞ்சுவது என்ன?

எவரோ ஒருவர் நூறாண்டுக்கு முன் ஒரு கிளையைப் பறித்து, பக்கத்தில் தேதி எழுதிவைத்ததால்தான் இவ்வளவும் நமக்குத் தெரியவந்தது என்பதைப் பெயர்த்தியிடம் சொன்னேன். அன்றிரவே ஒரு பழைய நாட்குறிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதில் அடிக்கோல் வைத்து மூன்று கட்டம் போட்டிருக்கிறாள். முதற் கட்டம் எங்கள் தெரு முள்ளிலவ மரத்தில் முதற்பூ கண்ட நாள். அது அவள் பொறுப்பு. இரண்டாவது, ஆமாவின் கிணற்றடிப் புராஞ்சு. ஆமாவின் பேரனைத் தொலைபேசியில் விசாரித்து எழுதவேண்டும். அதற்கு எங்கள் வாயிற்காவலர் மொழிபெயர்ப்பாளராக இசைந்திருக்கிறார். மூன்றாவது நீலகிரிக் காட்டுப்பூவரசு. குன்னூரில் இருக்கும் அவள் அத்தை மகனுக்கு, மரத்தின் படம் வரைந்து, 'பூத்ததும் தேதி எழுதி அனுப்பு, மறக்காதே' என்று கடிதம் போட்டிருக்கிறாள். இரண்டு கட்டங்கள் நிரம்பிவிட்டன. குன்னூர்ப் பையன் இன்னும் பதில் எழுதவில்லை.